நடுவீட்டில் ஒரு பொட்டி

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு எங்கேயோ போகும் என்று நம்மூரில் ஒரு பழமொழி இருக்கிறது. எங்கே போகும் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன் :-)

இந்தப் பழமொழியைச் சொன்ன ஆளுக்கு நாயை நடுவீட்டில் வைக்கிறதே ஒரு நக்கல்தான். நம்ம கிராமத்து வீடுகளில் நாயோட இடம் வாசல், திண்ணைக்கு அடியில, இல்லேன்னா மாட்டுக்கொட்டகை ஓரம். காலைக்கடன் எல்லாம் வேலி ஓரத்துல முடிஞ்சுடும். அதனால "நாய்க்குட்டிக்கு வீட்டுல அசிங்கம் பண்ணாம இருக்கக் கத்துக் கொடுப்பது எப்படி" என்கிற கேள்வியே நம்ம தாத்தா பாட்டிகளுக்கு வந்ததில்லை. நாய் நிஜமாவே நடுவீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஒரு பிரச்சினை. பிரச்சினைன்னு வந்துட்டா தீர்வுன்னு ஒண்ணு வரும், தீர்வை விக்கிறதுக்கு ஆளும் வரும்.

அப்படி வந்த தீர்வுகளில் ரொம்பப் பிரபலமானது க்ரேட் ட்ரெய்னிங். தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். கம்பிக் கூண்டோ, ப்ளாஸ்டிக் பெட்டியோ ஒண்ணு வாங்கணும். குட்டி அதுக்குள்ளதான் தூங்கும். ராத்திரியும், நாம கவனிக்க முடியாத நேரத்திலும் கதவைச் சாத்திடணும். திறந்தவுடனே வேற எங்கேயும் விடாம நேரா வெளியே தூக்கிட்டுப் போகணும். அங்கே அது போனா ஆஹா ஓஹோன்னு பாராட்டி ஒரு துண்டு பிஸ்கட். இதையே சலிக்காமச் செஞ்சா குட்டி பழகிடும். அமெரிக்காவில் நாய்க்குட்டி வாங்குகிற பலர், குட்டிக்கு முன்னாடியே கூண்டை வாங்கிடறாங்க.

இதுல எனக்குப் பிடிக்காதது, கூண்டோட சேர்த்து ஒட்டி வர்ற கதை. எந்த வழிகாட்டியைப் புரட்டினாலும் ஆரம்பத்திலேயே ஓநாய் வந்துடும். நாய் என்பது ஓநாயின் வம்சம், ஓநாய் குகையில் வாழும் பிராணி, ஆகவே கூண்டு என்பது நாய்க்குக் குகை மாதிரி, உள்ளே போட்டுப் பூட்டினா அது சந்தோஷப்படும்! மேட்டர் முடிஞ்சது. பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் நான். அடுத்தவன் பொட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம விட மனசு வரலை.

முதல்ல ஓநாய். ஓநாய் குகைவாசியே கிடையாது. குட்டி போடுற சமயத்தில் பெண் ஓநாய் ஒரு வளையைத் தோண்டும், அல்லது ஏற்கெனவே இருக்கிற பொந்தைச் சரி பண்ணிக்கும். குட்டிகள் எட்டுப் பத்து வாரம் ஆனதும் வளையைக் காலி பண்ணிட்டு வெட்டவெளிக்கு வந்துடும். வளர்ந்த ஓநாய் பனியானாலும் மழையானாலும் வெளியிலதான் சுருண்டு படுக்கும். இன்னொரு விஷயம், அந்த வளைக்குக் கதவு கிடையாது. நாம பொதுவா நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டு வர்றது எட்டு வாரத்தில். அதாவது, ஓநாய்க்குட்டி குகையை விட்டு வெளியே வர்ற அதே வயசில் நாம நாய்க்குட்டியைக் குகைக்குள்ள போட்டுட்டு "இது உன் இயற்கை"ன்னு சொல்றோம்.

நம்ம தெருநாயைப் பார்த்தாலும் இதே கதைதான். கொல்கத்தா பக்கத்து ஐஸர் நிறுவனத்தில் தெருநாய்களையே தொடர்ந்து ஆராய்ச்சி பண்ற ஒரு குழு இருக்கு. 2016-ல் அவங்க வெளியிட்ட ஒரு ஆய்வு, தெருநாய்கள் குட்டி போட எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்குதுன்னு பார்த்தது. மனுஷ நடமாட்டமே இல்லாத இடமா பார்த்து ஒதுங்கும்னுதானே நினைப்போம்? மனுஷங்களுக்குப் பக்கத்திலதான் இடம் பிடிக்குதுங்க. நம்ம தெருவில் மாடிப்படிக்கு அடியிலயும் கட்டுமானம் நடக்கிற வீட்டுலயும் குட்டி போட்டிருக்கிற நாயைப் பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்லை. ஆனா அங்கேயும் அது பிரசவ அறை மட்டும்தான். குட்டிங்க நடக்க ஆரம்பிச்சா தெருவே வீடு.

அப்ப குகைக் கதை முழுசா பொய்யா? அதுவும் இல்லை. அதுக்குள்ள ஒரு நிஜம் ஒளிஞ்சிருக்கு, கூண்டு வேலை செய்யறதும் அந்த நிஜத்தாலதான். பிறந்த குட்டிக்குத் தானா சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிட்டாத்தான் வரும், வந்ததையும் தாயே சுத்தம் பண்ணிடும். மூணு வாரம் வாக்கில் குட்டிக்குத் தானா போக வருது. அப்ப அது செய்கிற முதல் காரியம், தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு நகர்ந்து போய் வெளியே கழிக்கிறதுதான். யாரும் சொல்லித் தர்றதில்லை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் இருக்கிற ஜாக்ஸன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்று இரண்டு பேர் பல வருஷம் நூற்றுக்கணக்கான குட்டிகளை வளர்த்துக் கவனிச்சு, 1965-ல் ஒரு பெரிய புத்தகமா வெளியிட்டாங்க. நாய்க்குட்டி வளர்ச்சியைப் பத்தி இன்னிக்கு யார் பேசினாலும் அந்தப் புத்தகத்தின் தோள் மேல நின்னுதான் பேசறாங்க. எட்டு வாரத்தைத் தாண்டினதும் குட்டி இன்ன இடம்னு ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அங்கேயே போக ஆரம்பிக்கிறதையும் அவங்க பதிவு பண்ணியிருக்காங்க.

ஆக நாய்க்குப் படுக்கிற இடம் சுத்தமா இருக்கணும். அவ்வளவுதான் விஷயம். பழமொழி சொன்ன பெரியவர் பார்த்தா ஒத்துக்க மாட்டார், ஆனா அவர் நாயை அதோட படுக்கையில் வச்சுக் கவனிக்கலையே!

ஓநாய்க் கணக்கு தீர்ந்தது. இப்ப பொட்டியோட கணக்கு. இது குகையில் இருந்து வரலை, ரயிலில் இருந்து வந்தது.

1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. இன்னிக்கு இருக்கிற நாய்க் கண்காட்சிகளுக்கெல்லாம் அதைத்தான் ஆரம்பம்னு சொல்றாங்க. பாயிண்டர், செட்டர் என்று இரண்டே வகை வேட்டை நாய்கள், மொத்தம் அறுபது நாய் வந்தது, பரிசு துப்பாக்கி. அப்புறம் இது ஒரு பைத்தியமாவே பிடிச்சுக்கிச்சு. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப், 1877-ல் நியூயார்க்கில் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சி, 1884-ல் அமெரிக்கன் கென்னல் கிளப். 1891-ல் சார்லஸ் க்ரஃப்ட் என்கிற நாய் பிஸ்கட் விற்பனையாளர் தன் பெயரிலேயே ஒரு கண்காட்சியை ஆரம்பிச்சு உலகப் புகழ் அடைஞ்சார். (மார்க்கெட்டிங் ஆளுங்க எந்தக் காலத்திலும் பிழைச்சுக்குவாங்க.) நாயை ஊர் ஊரா ரயிலில் கொண்டு போகணும்னா பெட்டியோ பிரம்புக் கூடையோ வேணும். அப்புறம் கார் வந்தது, கடைசியா விமானம் வந்தது. பெட்டியும் கூடவே வந்தது. பல தலைமுறைக்கு நாய்ப்பெட்டி என்பது கண்காட்சிக்காரங்களோட தொழில் சாமான், அவ்வளவுதான். நம்ம நாதஸ்வரக்காரர் வீட்டில் வாத்தியத்துக்கு உறை இருக்கிற மாதிரி.

சாதாரண வீட்டில் அந்தக் காலத்துல என்ன பண்ணாங்க? பழைய நியூஸ்பேப்பர். தரை முழுக்க விரிச்சுட்டு, நாளுக்கு நாள் பரப்பைக் குறைச்சுக்கிட்டே வந்து கடைசியில் ஒத்தைத் தாளாக்கி, அதையும் வாசலுக்கு வெளியே நகர்த்தறது. தப்புப் பண்ணா கழுத்தைப் பிடிச்சு அதிலேயே மூக்கைத் தேய்க்கிறது. இந்த மூக்குத் தேய்ப்பு உலகப் பொதுவான முட்டாள்தனம், நம்ம பக்கமும் உண்டு. குட்டிக்கு அரை மணிக்கு முன்னாடி செஞ்ச காரியத்தையும் இப்ப விழுற அடியையும் முடிச்சுப் போடத் தெரியாது. அது கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது. அப்புறம் சோபாவுக்குப் பின்னாடி போகும். நாய்ப் பயிற்சி மொத்தமுமே அப்ப அடி உதை வழிதான். 1910-ல் ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் எழுதின போலீஸ் நாய்ப் பயிற்சிப் புத்தகம் ரொம்ப காலத்துக்கு எல்லாருக்கும் பாடம். அமெரிக்காவில் 1933-ல் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்கிற பூடில் வளர்ப்பாளர், நியூயார்க் பக்கத்து மவுண்ட் கிஸ்கோவில் நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டி ஒண்ணை நடத்தினார். 1937-ல் அவரும் பயிற்சியாளர் ப்ளாஞ்ச் சாண்டர்ஸும் மூணு பூடில்களை ஏத்திக்கிட்டு, காருக்குப் பின்னாடி ட்ரெய்லரை மாட்டி, பத்தாயிரம் மைல் சுத்தி ஊர் ஊராப் பயிற்சி செஞ்சு காட்டினாங்க. நாயைப் பழக்கறதுங்கறது போலீஸ்காரன் வேலை மட்டுமில்லை, குடும்பத் தலைவியும் செய்யலாம் என்கிற எண்ணம் பரவினதில் அந்த இரண்டு பேருக்குப் பெரிய பங்கு உண்டு.

கூண்டு நடுவீட்டுக்குள்ள நுழைஞ்சது இன்னும் பின்னாடி. உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்கப் புறநகர் வீடுகளில் சுவருக்குச் சுவர் கம்பளம் வந்துடுச்சு. மரத் தரையிலோ சிமெண்ட் தரையிலோ ஊத்தினா துடைச்சுட்டுப் போயிடலாம், கம்பளத்துல ஊறினா ஜென்மத்துக்கும் வாசனை போகாது. அந்த வாசனையை மோப்பம் பிடிச்சு நாய் மறுபடி அங்கேயே போகும். எழுபதுகளில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற குடும்பங்கள் அதிகமாச்சு, பகல் பூரா வீடு காலி. தெருவும் சும்மா விடலை. 1978-ல் நியூயார்க்கில் நாய் போனதை உரிமையாளரே அள்ளணும்னு சட்டம் வந்துச்சு. 1976-ல் அமெரிக்கப் பிராணிகள் நலச் சட்டத்தைத் திருத்தி, பிராணிகளைப் பயணத்தில் எப்படிக் கொண்டு போகணும்னு விதி கொண்டு வந்தாங்க. பெட்டிக்குள்ள நாய் நிமிர்ந்து நிக்கணும், திரும்பணும், இயல்பா நீட்டிப் படுக்கணும். இன்னிக்கு வீட்டுக் கூண்டு வாங்கப் போனாலும் இதே மூணு அளவைத்தான் சொல்றாங்க.

எண்பதுகளில் இயன் டன்பார் என்கிற கால்நடை மருத்துவர் கலிஃபோர்னியாவில் குட்டிகளுக்கான வகுப்பு நடத்த ஆரம்பிச்சார். அடி கிடையாது, சங்கிலி கிடையாது, தின்பண்டம் உண்டு. எனக்குத் தெரிஞ்சு இந்தப் பொட்டியோட லாஜிக்கை ஒழுங்கா விளக்கினது அவர்தான். கூண்டு குட்டிக்கு எதையும் கத்துக் கொடுக்கிறதில்லை. அது செய்யறது ஒரே வேலை, குட்டிக்கு எப்ப வரும்னு நமக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தறது. படுக்கிற இடத்துல போகப் பிடிக்காததால குட்டி அடக்கிக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு நாம கதவைத் திறந்து சரியான இடத்துக்குக் கொண்டு போனா உடனே போகும். உடனே பரிசு. தப்பு நடக்கவே வாய்ப்பு இல்லாததால தண்டிக்கவும் வேலை இல்லை. அதாவது பூட்டினது பயிற்சி இல்லைங்க, திறந்தது பயிற்சி. பகல் பூரா வேலைக்குப் போறவன் குட்டியைக் கூண்டுல அடைச்சுட்டுப் போகக் கூடாது, அதுக்குத் தனியா ஒரு அறையோ தடுத்த இடமோ, உள்ளேயே போறதுக்கு ஒரு மூலையும் வேணும்னு அவர் பிரிச்சே சொல்லியிருக்கார்.

ஆனா கடையில் விக்கிறது கூண்டு மட்டும்தானே, ஒரு மணிக்கு ஒரு தடவை கதவைத் திறக்கிற ஆளையும் சேர்த்து விக்கறதில்லையே. பயிற்சியாளர்கள் கைவசம் வச்சிருக்கிற தோராயக் கணக்கு, குட்டியோட வயசு எத்தனை மாசமோ அதோட ஒண்ணைக் கூட்டினா அத்தனை மணி நேரம் அடக்கும். அதுவே அதிகபட்சம். ரெண்டு மாசக் குட்டிக்கு மூணு மணி நேரம். எட்டு மணி நேர ஆபீஸ், ரெண்டு மணி நேர ட்ராஃபிக்... கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. முடியாமப் போய் குட்டி உள்ளேயே கழிச்சு, அதிலேயே படுத்து எழுந்தா, பிறந்ததில் இருந்து இருந்த அந்த ஒரே சுத்த உணர்ச்சியும் மழுங்கிடும். கூண்டிலேயே வச்சு வியாபாரம் பண்ற இடங்களில் இருந்து வர்ற குட்டிகளைப் பழக்க ரொம்பச் சிரமம் என்பதற்குக் காரணம் இதுதான்.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னா, எங்க வீட்டுக்கு மணி வந்து ரெண்டு மாசம் ஆகுது. மூணாவது மாடி ஃப்ளாட், வேலி ஓரமும் கிடையாது மாட்டுக்கொட்டகையும் கிடையாது. வெளிநாட்டு நண்பன் ஒருத்தன் சொல்லி ஒரு கம்பிக் கூண்டு வாங்கிட்டு வந்தேன். அம்மா பார்த்துட்டு, "என்னடா இது, பச்சப்புள்ளையக் கொண்டு போய் ஜெயில்ல போடற"ன்னாங்க.

"ஆச்சி வீட்டு நாயை ஆயுசு பூரா தென்னமரத்துல கட்டித்தானேம்மா போட்டிருந்தீங்க? அது என்னவாம்?"

"கட்டிப் போட்டா போற வர்றவங்களைப் பார்த்துக் குரைக்கவாவது செய்யும்ல. இதுக்குள்ள இருந்து என்னத்தப் பாக்கும், செவுத்தையா?"

யோசிச்சா அதுல நியாயம் இருந்தது. கூண்டைச் சுவர் ஓரத்தில் இருந்து எடுத்து என் கட்டிலுக்குப் பக்கத்துல போட்டேன். பகல்ல அம்மா வீட்டில் இருக்கறதால கதவைக் கொக்கி போட்டுத் திறந்தே வச்சாச்சு, ராத்திரி மட்டும் சாத்தறது. நடுராத்திரி ஒரு முனகல் கேட்டதும் தூக்கிட்டு மூணு மாடி இறங்கணும். ரிலீஸ் சமயத்துல ப்ரொடக்‌ஷன் கால் வர்ற மாதிரியேதான், என்ன, இந்தக் க்ளையன்ட் வாலாட்டும்.

அம்மா கேட்ட அதே கேள்வியை ஸ்வீடன்காரங்க சட்டமாவே எழுதி வச்சிருக்காங்க. அங்கே வீட்டுக்குள்ள நாயைக் கூண்டில் பூட்டி வைக்கக் கூடாது. நாயை அடைச்சு வைக்கிற இடம்னா அதோட உயரத்துக்குத் தகுந்த மாதிரி இத்தனை சதுர மீட்டர் இருக்கணும்னு அளவு உண்டு. வீட்டுக் கூண்டு எதுவும் அந்த அளவுக்குப் பக்கத்துலகூட வராது. பயணம், போட்டி மாதிரி சில சமயங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஃபின்லாந்திலும் கிட்டத்தட்ட அப்படியே, பயணமோ உடம்பு சரியில்லாததோ, ஏத்துக்கக்கூடிய தற்காலிகக் காரணம் ஏதாவது இருக்கணும். அமெரிக்காவில் நல்ல வளர்ப்புக்கு அடையாளம்னு சொல்ற பொருள், ஸ்டாக்ஹோமில் கதவைச் சாத்தினா சட்டத்துக்கு விரோதம். ஸ்வீடன் நாய்கள் எல்லாம் வீட்டை நாறடிச்சுக்கிட்டு இருக்கறதா ஒரு தகவலும் இல்லை. அங்கேயும் குட்டிகள் பழகத்தான் செய்யுது, ஆள் கூட இருந்து பழக்கறாங்க.

சரி, கதவைத் திறக்கவே இல்லைன்னா என்ன ஆகும்? இதை வேணும்னே, வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு, நோட்டுப் புத்தகத்துல குறிச்சுக்கிட்டுச் செஞ்சு பார்த்த இடம் ஒண்ணு இருக்கு. அமெரிக்க வீட்டுக் கூண்டுக்கும் இதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அதுல இருந்து இது வரலை, இதுல இருந்து அது வரலை. ரெண்டும் நாயோட அதே ஒரு குணத்தில் போய் முட்டினது மட்டும்தான் ஒற்றுமை. இடம் மாஸ்கோ, காலம் 1950கள்.

ராக்கெட்டில் மனுஷனை அனுப்பறதுக்கு முன்னாடி சோவியத் யூனியன் நாய்களை அனுப்பிச்சது. 1951-ல் டெஸிக், ஸிகான் என்று ரெண்டு நாய் மேலே போய் உயிரோட திரும்பி வந்தது. எல்லாம் தெருநாய்கள். பசியும் குளிரும் தாங்கினது எதையும் தாங்கும்னு கணக்கு. காலைத் தூக்கத் தேவையில்லைங்கறதால பின்னாடி பெண் நாய்களையே தேர்ந்தெடுத்தாங்க, கழிவைச் சேகரிக்கிற பையை உடம்போட பொருத்தவும் அதுதான் சுலபம். ஆரம்பத்தில் இது சில நிமிஷ வேலை, மேலே போய் கீழே வர்றது. பூமியைச் சுத்தி வரணும்னா நாள் கணக்கில் உள்ளே இருக்கணுமே?

1957 அக்டோபர் 4 அன்னிக்கு ஸ்புட்னிக் மேலே போனது. உலகமே வாயைப் பிளந்தது. குருஷேவுக்கு ருசி கண்டுடுச்சு. நவம்பர் 7 புரட்சியின் நாப்பதாவது ஆண்டு விழா, அதுக்குள்ள இன்னொண்ணு வேணும்னார். கொரோலியோவின் குழுவுக்குக் கிடைச்சது நாலு வாரம்கூட இல்லை. இதைப் படிக்கிற என் ஜாதிக்காரங்களுக்கு இந்த இடத்துல வயித்தைக் கலக்கும். க்ளையன்ட் தேதியை முடிவு பண்ணியாச்சு, டிசைன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அந்த அவசரத்துல எதை வெட்டினாங்கன்னா, திரும்பி வர்றதை. நாயை மேலே அனுப்பலாம், கீழே கொண்டு வர்றதுக்கு அந்த விண்கலத்தில் வழியே இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்சேதான் செஞ்சாங்க.

அல்பினா, முஷ்கா, லைக்கா என்று மூணு நாய்களைத் தயார் பண்ணாங்க. லைக்கா மாஸ்கோ தெருவில் பிடிச்சது. மூணு வயசு இருக்கும், ஆறு கிலோகூடத் தேறாது. முதல்ல வச்ச பேர் குத்ரியாவ்கா, சுருட்டை முடிக்காரின்னு அர்த்தம். பயிற்சி என்னன்னா, கூண்டு. முதல்ல கொஞ்சம் பெரிசு, அப்புறம் அதைவிடச் சின்னது, அப்புறம் இன்னும் சின்னது. தொடர்ந்து இருபது நாள் வரைக்கும்கூட வச்சாங்க. நாய்கள் என்ன பண்ணுச்சு தெரியுமா? சிறுநீர் மலம் எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. படுத்த இடத்துல போக மாட்டேன்னு பிடிவாதம். உடம்பு மோசமாச்சு, நிலை கொள்ளாம தவிச்சது. பேதி மருந்து கொடுத்துப் பார்த்தாங்க, பலனில்லை. நாள் கணக்கில், வாரக் கணக்கில் திரும்பத் திரும்ப அடைச்சு வச்ச பிறகுதான் மெல்ல வழிக்கு வந்தது.

மூணு வாரக் குட்டியா இருந்தப்ப தள்ளாடிக்கிட்டு விளிம்புக்கு நகர்ந்துச்சே, அதே குணம்தான் இது. வீட்டுக்கார அம்மா கம்பளத்தைக் காப்பாத்தறதுக்கு நம்புற குணம். மாஸ்கோவில் அது இடைஞ்சலா இருந்ததால அதை உடைக்க வேண்டியிருந்தது.

பயிற்சிக் குழுவின் மருத்துவர் விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி, அனுப்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி லைக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் குழந்தைகளோட விளையாட விட்டார். அவரே பின்னாடி எழுதியிருக்கார். இந்த ஒரு தகவலை நான் எத்தனை தடவை படிச்சாலும் அடுத்த வரிக்குப் போக நேரமாகுது. அக்டோபர் 31 அன்னிக்கு லைக்காவைக் கலத்துக்குள்ள வச்சாங்க. கிளம்பினது நவம்பர் 3. நடுவுல மூணு நாள் தரையிலேயே உள்ளே. கஜகஸ்தான் குளிருக்கு வெளியே இருந்து குழாய் வச்சுச் சூடு பண்ணாங்க. உள்ளே நிக்கலாம், உக்காரலாம், படுக்கலாம், சங்கிலி உண்டு. திரும்ப முடியாது.

இதயத் துடிப்பு கிளம்பும் முன்னாடி நிமிஷத்துக்கு 103. மேலே ஏறும்போது 240. எடையில்லாத நிலைக்குப் போனப்புறம் பழையபடி 102-க்கு வர மூணு மணி நேரம் ஆச்சு, தரையில் சோதிச்சப்ப ஆனதைவிட மூணு மடங்கு. ராக்கெட்டின் ஒரு பகுதி சரியாப் பிரியலை, வெப்பக் காப்பும் கொஞ்சம் கிழிஞ்சுது. உள்ளே சூடு 40 டிகிரிக்கு ஏறிடுச்சு. கிளம்பி அஞ்சாறு மணி நேரத்துக்கு அப்புறம் உயிரோட இருக்கறதுக்கான எந்த அறிகுறியும் வரலை. லண்டனில் நாய்கள் பாதுகாப்புச் சங்கம் நாய் வளர்க்கிறவங்களை தினமும் ஒரு நிமிஷம் மௌனமா இருக்கச் சொல்லுச்சு. லைக்கா பல நாள் உயிரோட இருந்ததாத்தான் சோவியத் சொல்லிக்கிட்டு இருந்தது. சூட்டுல சில மணி நேரத்துலயே முடிஞ்சு போச்சுங்கற உண்மை வெளியே வர 2002 ஆச்சு, திமித்ரி மலாஷென்கோவ் என்கிற ரஷ்ய விஞ்ஞானி ஹூஸ்டனில் நடந்த ஒரு மாநாட்டில் சொன்னார். கலம் 2,570 தடவை பூமியைச் சுத்திட்டு 1958 ஏப்ரல் 14 அன்னிக்கு எரிஞ்சு விழுந்தது. லைக்காவைப் பழக்கினவர்களில் ஒருத்தரான ஒலெக் கஸென்கோ 1998-ல், நாளாக ஆகத் தன் வருத்தம் கூடுதுன்னும், ஒரு நாய் சாகிற அளவுக்கு அந்தப் பயணத்தில் இருந்து எதையும் கத்துக்கலைன்னும் வெளிப்படையாச் சொன்னார்.

அடுத்த நாய்களுக்குக் கதவு திறந்தது. 1960 ஆகஸ்ட் 19 அன்னிக்குப் போன பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் மறுநாள் உயிரோட தரை இறங்குச்சு. பூமியைச் சுத்திட்டு உசிரோட திரும்பின முதல் நாய்கள். ஸ்ட்ரெல்கா அப்புறம் ஆறு குட்டி போட்டது. 1961 ஜூனில் வியன்னாவில் நடந்த விருந்தில் பக்கத்தில் உக்காந்திருந்த ஜாக்குலின் கென்னடி, பேச்சு வாக்கில் ஸ்ட்ரெல்கா குட்டிகளைப் பத்திக் கேட்க, கொஞ்ச நாள்ல குருஷேவ் ஒண்ணை வெள்ளை மாளிகைக்கே அனுப்பி வச்சுட்டார். பேர் புஷின்கா, பஞ்சு மாதிரி இருக்கறவள்னு அர்த்தம். உடம்புல ஒட்டுக்கேட்கிற கருவி ஏதாவது இருக்கான்னு அமெரிக்க அதிகாரிங்க சோதனை எல்லாம் போட்டாங்க. ஒண்ணும் இல்லை.

அங்கே நாய்களைப் பார்த்துக்கிட்டவர் ட்ராஃப்ஸ் பிரையன்ட், மாளிகையின் எலெக்ட்ரீஷியன். குட்டிப் பெண் கரோலினுக்குத் தோட்டத்துல உசரமா ஒரு விளையாட்டு வீடு இருந்தது. ஏற ஏணி, இறங்கச் சறுக்கு மரம். பிரையன்ட் ஏணியோட ஒவ்வொரு படியிலயும் ஒரு வேர்க்கடலையை வச்சார். புஷின்கா ஒவ்வொண்ணா சாப்பிட்டுக்கிட்டே மேலே ஏறி, வீட்டுக்குள்ள போய், அந்தப் பக்கம் சறுக்கி இறங்குச்சு. போட்டோ இருக்கு.